நூறு காட்டுது, வேலை நடக்குதா? ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டரில் லோடு எண்ணைப் படிக்கும் முழு வழிகாட்டி

தை மாதத்து ராத்திரி, மணி பதினொன்று இருக்கும். கோத்தகிரியில் அந்த நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவனுக்கு ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்துகொண்டிருக்க வேண்டும், அதாவது தயாரித்தவர் சொன்ன வேகத்துக்கும் மேலே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தெருத் தம்பி ஒருவன் இரண்டாவது ரகம். ஐ7 9700கே ப்ராசஸரை 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு, ப்ராசஸரைக் கசக்கிப் பிழியும் ப்ரைம்95 என்ற ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஓடவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, ஒன்றரை மணி நேரமா நூறுலயே நிக்குதுங்கண்ணா. சூட்டைப் பாருங்க, முதல்ல 84 இருந்துச்சு, இப்ப 75க்கு வந்துருச்சு. குளிர் நல்லா வேலை செய்யுது. ஸ்டேபிள்னு வெச்சுக்கலாமா?"

எனக்கு அந்தச் சூடு இறங்கியதுதான் உறுத்தியது. ஜன்னல் ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் இருந்தது, லோடும் அதே நூறு, அப்புறம் ஒன்பது டிகிரி எங்கே போனது? கீழே சுருக்கி வைத்திருந்த ப்ரைம்95ஐப் பெரிதாக்கிப் பார்த்தால், ப்ராசஸரின் எட்டு கோருக்கும், அதாவது எட்டுக் கணக்குப் பிரிவுக்கும், ஆளுக்கு ஒன்றாக ஓடும் எட்டு வொர்க்கரில் இரண்டு படுத்துவிட்டன. அதில் ஒன்று பதினேழாவது நிமிடத்திலேயே போய்விட்டது. ஆறு பேர்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள், லோடு எத்தனை சதவீதம் என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் மட்டும் எட்டு பேருக்கும் வருகை போட்டுக்கொண்டிருந்தது.

இது டாஸ்க் மேனேஜரில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். அது காட்டும் எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு நமக்குத் தெரியாததுதான் பிரச்சினை. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கொடுப்பது வேறு, சாயங்காலம் தராசில் பச்சை இலையை நிறுப்பது வேறு. லோடு சதவீதம் என்பது பேர் கொடுப்பது மாதிரி. எத்தனை கிலோ பறித்தார்கள் என்று அது சொல்லாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

படி 1: ஓவர்கிளாக் செய்யும் முன்பே ஒரு முறை அளந்து வையுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, நானும் முதல் இரண்டு மூன்று தடவை செய்யவில்லை. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, அப்படியே அரை மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுங்கள். அறையின் வெப்பம், லோடு, கோரின் சூடு, பேக்கேஜ் பவர் (ப்ராசஸர் மொத்தமாக இழுக்கும் கரண்ட்) எத்தனை வாட், எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் ஓடிய வேகம்) எவ்வளவு, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையில் எத்தனை மார்க், இந்த ஆறையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் பிறகு தேடியே நேரம் போகும்.

சூடு, கிளாக், வாட் எல்லாவற்றுக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 (HWiNFO64) என்ற மென்பொருள் ஒன்று போதும். மூன்று நான்கு மானிட்டரிங் மென்பொருளை ஒன்றாகத் திறந்து வைக்காதீர்கள். எல்லாம் ஒரே சென்சாரை ஒரே நேரத்தில் போய்க் கேட்கும்போது நடுநடுவே அர்த்தமில்லாத எண் வரும், அதைப் பார்த்து நாம் பதறுவோம். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் இதற்கும் முன்னால் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அவற்றில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறிச் சில்லு பழுதாகும் சிக்கல் இருந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024ல் அதற்கு மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் இல்லாமல் அதன் மேல் ஓவர்கிளாக் செய்வது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

படி 2: வாய்ப்பாடு

மொத்த த்ரெட் (ஒரே நேரத்தில் ப்ராசஸர் நடத்தக்கூடிய வேலை வரிசை, டாஸ்க் மேனேஜரில் லாஜிக்கல் ப்ராசஸர் என்று இருக்கும்) எத்தனை என்று பாருங்கள். நூறை அந்த எண்ணால் வகுத்தால் வருவது ஒரு த்ரெட்டின் பங்கு. 4 த்ரெட் என்றால் 25, 8 என்றால் 12.5, 12 என்றால் 8.3, 16 என்றால் 6.25. லோடு எண் குறையும்போது இந்தப் பங்கின் மடங்காகக் குறைகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. எட்டு த்ரெட் இயந்திரத்தில் நூறிலிருந்து 87 அல்லது 88க்கு ஒரே அடியாக விழுந்து அங்கேயே நின்றால், ஒரு வொர்க்கர் போய்விட்டது. 75 என்றால் இரண்டு. அதுவே 100, 96, 99, 94 என்று ஆடிக்கொண்டிருந்தால் ஆன்டிவைரஸோ அப்டேட்டோ நடுவில் புகுந்திருக்கிறது. ப்ரைம்95 தானாகவே ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிடும் குணமுள்ளது, அதனால் ஆட்டம் சகஜம்.

சரியாக 50ல் நின்றால்? ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் வசதி) உள்ள ப்ராசஸரில் கோருக்கு ஒரு த்ரெட் மட்டும் ஓடுகிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. ப்ரைம்95ன் டார்ச்சர் டெஸ்ட் பெட்டியில் ஹைப்பர்த்ரெடிங் என்ற டிக்கை வைத்தால் 100 வந்துவிடும். கணக்கு வேலை அப்படியே இரட்டிப்பாகிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம், ஒரே கோரைத்தான் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

டெஸ்ட் ஓடும்போது ஓரிரு நொடி இறங்கி மறுபடி ஏறுவதும் உண்டு. ப்ரைம்95 ஒரு அளவு எஃப்எஃப்டியை (அது போடும் பெருக்கல் கணக்கு முறை) முடித்து அடுத்ததற்கு மாறும்போது அப்படி ஆகும். லின்பேக் வகை டெஸ்டுகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே பெரிய பள்ளமே விழும். மூச்சு விட்டுக்கொள்கிறது என்று விட்டுவிடுங்கள். ஏறாமல் அங்கேயே தங்கினால்தான் வழக்கு.

படி 3: எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று பாருங்கள்

தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விண்டோஸ் 8லிருந்து டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் காட்டியது 'ப்ராசஸர் யுடிலிட்டி' என்ற அளவை. அது கோர் எத்தனை நேரம் பிஸியாக இருந்தது என்பதோடு நிற்காமல், அதை இப்போதைய கிளாக்கால் (ஓடும் வேகம்) பெருக்கி, ப்ராசஸரின் பேஸ் கிளாக்கால் (தயாரித்தவர் சொன்ன அடிப்படை வேகம்) வகுக்கும். டீடெயில்ஸ் பக்கத்தில் இருந்தது வேறு அளவு, 'ப்ராசஸர் டைம்', வெறும் பிஸி நேரம். ஒரே மென்பொருளின் இரண்டு பக்கத்தில் இரண்டு எண்!

தம்பியின் 9700கேக்கு பேஸ் கிளாக் 3.6. ஓடுவது 5.0. ஐந்தை 3.6ஆல் வகுத்தால் 1.39. எட்டு கோரும் முழுதாக ஓடினால் 139 வர வேண்டும், ஆனால் டாஸ்க் மேனேஜர் 100க்கு மேல் காட்டாது, அங்கேயே வெட்டிவிடும். இப்போது ஒரு வொர்க்கர் படுத்தது என்று வையுங்கள். 87.5ஐ 1.39ஆல் பெருக்கினால் 121. வெட்டினால் 100. இரண்டாவதும் படுத்தது, 75ஐ பெருக்கினால் 104. அதுவும் 100தான். மூன்றாவது போன பிறகுதான் 87 என்று கீழே இறங்கும். அதையும் வாய்ப்பாடு தெரிந்தவன் பார்த்தால் "ஒன்றுதானே போயிருக்கிறது" என்று சொல்லிவிடுவான். ஓவர்கிளாக் அதிகமாக ஆக இந்தத் திரை இன்னும் தடிமனாகும் என்பதுதான் இதில் கொடுமை.

தலைகீழாகவும் நடக்கும். ப்ராசஸர் சூட்டில் திணறி 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டால், எட்டு கோரும் மூச்சு முட்ட ஓடினாலும் இந்தக் கணக்கில் 22தான் வரும். "ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டும் லோடே ஏறவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது இது.

2025ல் விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட்டில் இதை மாற்றிவிட்டார்கள். எல்லாப் பக்கமும் இப்போது பிஸி நேரத்தைத்தான் காட்டும், பழைய கணக்கு வேண்டுமென்றால் டீடெயில்ஸ் பக்கத்தில் 'சிபியு யுடிலிட்டி' என்று தனி காலமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் அதோடு ஆபத்தும் இடம் மாறிவிட்டது. பழைய கணக்கு செத்த வொர்க்கரை மறைத்தது, புதிய கணக்கு திணறலை மறைக்கிறது. 0.8ல் தவழ்ந்தாலும் 100 என்றே காட்டும்.

ஆக, உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, ப்ராசஸர் இன்ஃபர்மேஷன் என்பதன் கீழே உள்ள ப்ராசஸர் டைம், ப்ராசஸர் யுடிலிட்டி, ப்ராசஸர் பெர்ஃபார்மன்ஸ் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். அங்கே நூறில் வெட்ட மாட்டார்கள். டைம் 100, பெர்ஃபார்மன்ஸ் 139, யுடிலிட்டி 139க்குப் பக்கம் என்று மூன்றும் ஒத்து வந்தால் நிம்மதி. டைம் 75க்கு விழுந்தால் வொர்க்கர் கதை, பெர்ஃபார்மன்ஸ் விழுந்தால் கிளாக் கதை. அவ்வளவு சிரமப்பட மனமில்லாதவர்கள் டாஸ்க் மேனேஜரின் கிராஃபில் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் என்று மாற்றிக்கொண்டால், எட்டுப் பெட்டியில் எது காலி என்று கண்ணுக்கே தெரியும்.

படி 4: ஆரம்பத்திலிருந்தே லோடு ஏறவில்லை என்றால்

இங்கே ஓவர்கிளாக் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ப்ரைம்95ல் எத்தனை கோர் என்ற கட்டத்தில் குறைவாகப் போட்டிருப்பீர்கள். டீடெயில்ஸ் பக்கத்தில் அந்த ப்ராசஸுக்கு அஃபினிட்டியில் (எந்தெந்தக் கோரில் ஓடலாம் என்ற பட்டியல்) சில சிபியுக்கள் டிக் இல்லாமல் இருக்கும். பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100க்குக் கீழே இருக்கும், அப்போது கோர்கள் பிஸியாக இருந்தாலும் கிளாக் ஏறாது.

ஆனால் நான் அதிகம் பார்த்தது, விண்டோஸ் பூட் ஆவதை அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில் வரும் கோளாறு. அதில் பூட் பக்கத்தில் அட்வான்ஸ்ட் ஆப்ஷனைத் திறந்தால் 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்து பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் வேகமாக பூட் ஆகும் என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். டிக் வைத்து 4 என்று விட்டால் எட்டில் நான்கைத்தான் பார்க்கும், நீங்கள் தலைகீழாக நின்றாலும் மற்ற நான்கு வராது. அதைவிடக் குழப்பம், டாஸ்க் மேனேஜர் அந்த நான்கையே முழுசாக எடுத்துக்கொண்டு 100 என்று காட்டிவிடும். அதனால் லோடை விட்டுவிட்டு, கோர் எத்தனை, லாஜிக்கல் ப்ராசஸர் எத்தனை என்ற வரியைப் பாருங்கள். பயாஸில் யாராவது கோரை அணைத்து வைத்திருந்தாலும் இதே அடையாளம்தான்.

12ஆம் தலைமுறை இன்டெலிலிருந்து பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு ஜாதி உண்டு. ப்ரைம்95 மாதிரி குறைந்த முன்னுரிமையில் ஓடுவதைக் கீழே சுருக்கி வைத்தால், விண்டோஸ் சில சமயம் அதைப் பின்னணி வேலை என்று எண்ணிச் சின்னக் கோர்களிடம் ஒப்படைத்துவிடும். பெரிய கோர்கள் ஓய்வெடுக்கும், லோடு பாதியில் நிற்கும். விண்டோவைத் திரையில் திறந்தே வையுங்கள், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், போதும்.

படி 5: நடுவில் விழுந்தால்

ப்ரைம்95 முதலில் மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது, 1996லிருந்து அந்தத் தேடல் நடக்கிறது. ஒரு தசமம் பிசகினாலும் பகா எண் வேட்டை வீண் என்பதால், தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு ரத்தத்திலேயே உண்டு. அதனால்தான் அது நமக்கு உதவுகிறது. கணக்கு தப்பினால் அந்த வொர்க்கரின் விண்டோவில் 'ஃபேட்டல் எரர்' என்று தொடங்கி, ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4க்குக் கீழே இருந்திருக்க வேண்டும் என்பது போல ஒரு வரியும், ஹார்டுவேர் ஃபெயிலியர் என்று இன்னொரு வரியும் வரும். அந்த வொர்க்கர் மட்டும் நின்றுவிடும், மற்றவை எதுவும் நடக்காதது போல ஓடும். விண்டோவை மூடியிருந்தாலும் ரிசல்ட்ஸ் என்ற டெக்ஸ்ட் கோப்பில் பதிவு இருக்கும், காலையில் எழுந்ததும் முதலில் அதைத் திறங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே வொர்க்கரே விழுகிறதா, ஆள் மாறி மாறி விழுகிறதா என்று கவனியுங்கள். ஒன்றே விழுந்தால் அந்தக் கோர் கொஞ்சம் பலவீனம், எல்லாச் சில்லிலும் அப்படி ஒன்று உண்டு. மாறி மாறி விழுந்தால் வோல்டேஜ் மொத்தத்துக்கும் பற்றவில்லை, அல்லது ராம் பக்கம் தப்பு. பிரித்துப் பார்க்க, முதலில் எக்ஸ்எம்பியை (ராமை வேகமாக ஓட்டும் பயாஸ் செட்டிங்) அணைத்து ராமைச் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ப்ரைம்95ல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற டெஸ்டை ஓட்டுங்கள், அது பெரும்பாலும் ப்ராசஸரின் உள் நினைவகமான கேஷுக்குள்ளேயே சுற்றும். அது தாங்கி, ராமையும் சேர்த்துச் சோதிக்கும் பிளெண்ட் டெஸ்டில் மட்டும் விழுந்தால் ராமையும் மெமரி கன்ட்ரோலரையும் சந்தேகியுங்கள்.

ஸ்மால் எஃப்எஃப்டியிலேயே விழுந்தால் இரண்டு வழிதான். மல்டிபிளையரில் (ஒன்றுக்கு 0.1 கிகாஹெர்ட்ஸ்) ஒன்று குறைப்பது, அல்லது வோல்டேஜை 0.01, 0.02 வோல்ட் என்று சிட்டிகை சிட்டிகையாக ஏற்றுவது. என்னைக் கேட்டால் முதல் வழி. 5.0க்கும் 4.9க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சதவீதம், அதற்காகச் சூட்டையும் கரண்ட் பில்லையும் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. யோசனை கேட்கிறவர்கள் யாரும் சொன்னதைக் கேட்டதில்லை, அது வேறு விஷயம். 5.0 என்ற எண்ணுக்கு அப்படி ஒரு மயக்கம்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 19 என்ற எண்ணோடு எச்சரிக்கைகள் வந்திருந்தால், ப்ராசஸர் தவறு செய்து தானே திருத்திக்கொண்டிருக்கிறது. எந்த வொர்க்கரும் விழவில்லை, லோடும் அசையவில்லை என்றாலும் அது ஸ்டேபிள் இல்லை.

படி 6: நூறு காட்டியும் வேலை குறைந்தால்

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் கோர் கிளாக் என்றும் எஃபெக்டிவ் கிளாக் என்றும் இரண்டு வரி இருக்கும். முதலாவது கோருக்கு என்ன வேகம் சொல்லியிருக்கிறது என்பது. இரண்டாவது உண்மையில் எத்தனை துடிப்பு துடித்தது என்பது. முழு லோடில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 5.0 என்று ஒன்றும் 4.4 என்று இன்னொன்றும் காட்டினால், தராசில் நிற்பது 4.4தான். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸரில் வோல்டேஜை அளவுக்கு மீறிக் குறைத்தவர்கள் இதை நன்றாகப் பார்க்கலாம். கிராஷ் ஆகாது, எரர் வராது, கோர் கிளாக்கும் அழகாக நிற்கும், சினிபெஞ்ச் மார்க் மட்டும் நோட்டில் எழுதியதைவிடக் கீழே போகும். வோல்டேஜ் தள்ளாடும்போது ரைசன் தன் துடிப்பை நீட்டிக்கொள்வதால் வருவது இது.

வேகம் ஏன் குறைந்தது என்பதற்கும் அதே மென்பொருளில் ஆமாம் இல்லை என்று வரிகள் உண்டு. தெர்மல் த்ராட்லிங் ஆமாம் என்றால் சூடு. 9700கேக்கு 100 டிகிரி எல்லை. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டவை, அதைப் பார்த்து அலற வேண்டாம். பவர் லிமிட் ஆமாம் என்றால் வாட் எல்லை. ஏஎம்4 என்ற பழைய சாக்கெட்டில் உட்காரும் ரைசனில் 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தால் உள்ளே 88 வாட் வரை விடுவார்கள், 105 என்றால் 142. பேக்கேஜ் பவர் சரியாக அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் எல்லையை முட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லாமல், கிளாக் சரியாக 200, 300 மெகாஹெர்ட்ஸ் மட்டும் குறைந்து நின்றால் பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டைப் பாருங்கள். ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்கு வகை வந்தால் மல்டிபிளையரைக் குறைத்துக்கொள் என்ற உத்தரவு அது, பல போர்டுகளில் ஆட்டோவில் கிடக்கும்.

இன்னொன்று விஆர்எம், ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கும் பகுதி. விலை குறைந்த மதர்போர்டில் அதற்கு ஹீட்சிங்க்கே இருக்காது. ப்ராசஸர் 70 டிகிரியில் சாந்தமாக இருக்கும்போதே கிளாக் திடீரென்று 0.8க்கு விழுந்து, ஒரு நிமிடம் கழித்து ஏறி, மறுபடி விழுந்தால் சந்தேகம் அங்கே போகட்டும். நேராகத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சின்ன ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஈவென்ட் வியூவரில் 37 என்ற எண்ணோடு, ப்ராசஸரின் வேகத்தை ஃபர்ம்வேர் கட்டுப்படுத்துகிறது என்று பதிவு வருவதும் இதே குடும்பம்தான்.

படி 7: மலையில் இருப்பவர்களுக்கு

சமவெளியில் இருப்பவர்கள் நினைப்பது போல நமக்குக் குளிர் மட்டும் கிடைக்கவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுவது மெலிந்த காற்று, அது சுமந்து போகும் சூடும் குறைவு. வாட்டர் கூலர் வைத்தாலும் கடைசியில் ரேடியேட்டரில் ஊதுவது அதே காற்றுதான். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், ரைசன் அதற்கும் மேலே போய் நிற்கும் என்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

குளிர் இந்தக் குறையை ஈடுகட்டி மறைத்துவிடும், வெயில் காலத்தில்தான் குட்டு உடையும். அதனால் சூட்டைத் தனி எண்ணாக எழுதாதீர்கள், அறை வெப்பத்தைக் கழித்து எழுதுங்கள். தை மாத ராத்திரி அறை 12 டிகிரி, கோர் 84, வித்தியாசம் 72. சித்திரை மத்தியானம் அறை 24 என்றால் கோர் 96ஐத் தொடும். அதே இயந்திரத்தை கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் அறையே 35. காற்று அங்கே அடர்த்தி என்பதால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனாலும் 100க்கு முன்னால் நிற்காது. ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்த ரிசல்ட்டுக்கு மதிப்பில்லை என்று தம்பியிடம் சொன்னேன், அவனுக்குப் பிடிக்கவில்லை.

மலையிலிருந்து இறக்கும்போது இன்னொன்று. விடியற்காலையில் காரில் ஏற்றிய கேபினெட் உள்ளே ஜில்லென்று இருக்கும். மேட்டுப்பாளையத்தின் புழுக்கக் காற்று அதன் மேல் பட்டால் சோடா பாட்டிலில் வேர்ப்பது போல உள்ளே வேர்க்கும். இறங்கியதும் சுவிட்சைப் போடாமல் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா வையுங்கள்.

கரண்ட். ஓவர்கிளாக் பழியை நான் இரண்டு வாரம் சுமந்தது யுபிஎஸ்ஸால். டெஸ்ட் போட்ட அஞ்சு நிமிடத்தில் லோடு நூறுக்குப் போகும், பொட்டென்று அணைந்துவிடும். வோல்டேஜை ஏற்றினேன், குறைத்தேன், கூலருக்கு அடியில் உள்ள பேஸ்ட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் 600 விஏ யுபிஎஸ், தாங்குவது 360 வாட், அதில் கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று மட்டும் இருக்கும், அது கரண்ட் போனாலும் வரும், கிராஷ் ஆனாலும் வரும், எதையும் பிரித்துச் சொல்லாது. நீலத் திரையோ வீயா பதிவோ எதுவும் இல்லாமல் அணைந்தால் முதலில் யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். ரூம் ஹீட்டர் ஓடும் அதே பிளக் பாயிண்டில் வேண்டாம், ஹீட்டர் போட்டதும் வோல்டேஜ் இறங்குவதை பல்பே காட்டிக்கொடுக்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. டாப் கட்டளையில் ஒரு த்ரெட்டுக்கு 100 என்று கணக்கு, எட்டு த்ரெட் முழுதும் ஓடினால் 800 காட்டும், பயப்படாதீர்கள். லோடு ஆவரேஜ் சதவீதம் இல்லை, ஓடுவதும் வரிசையில் காத்து நிற்பதுமாகச் சேர்த்து எத்தனை வேலை என்பது, எட்டு த்ரெட்டுக்கு 8 என்றால் நிரம்பிவிட்டது.

படி 8: எவ்வளவு நேரம் ஓட்டுவது

சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்டேபிள் என்பவர்களும் உண்டு, இருபத்துநான்கு மணி நேரம் ப்ரைம்95 என்பவர்களும் உண்டு. நான் ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம், பிளெண்ட் ஒரு ராத்திரி, இரண்டையும் மூடிய அறையில். அப்புறம் ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை (கோருக்குக் கோர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் வசதி) தொட்டவர்கள் கோர்சைக்ளர் என்ற மென்பொருளும் ஓட்ட வேண்டும். அது ஒவ்வொரு கோராக எடுத்து ப்ரைம்95ஐ ஓட்டும். முழு லோடில் கிளாக் குறைவாக இருப்பதால் தெரியாத தப்பு, ஒற்றைக் கோர் உச்சத்துக்குப் போகும்போது வெளியே வரும். அப்போது 16 த்ரெட் இயந்திரத்தில் லோடு 6 சதவீதம்தான் காட்டும், அதைப் பார்த்து டெஸ்ட் ஓடவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். அன்று ராத்திரி ஜன்னலை மூடி, எட்டு வொர்க்கர் விண்டோவையும் திரையில் பரப்பி வைத்து, ப்ராசஸர் டைமைப் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தோம். 5.0ல் பத்து நிமிடத்தில் நாலாம் நம்பர் வொர்க்கர் மட்டும் விழுந்தது, இந்தத் தடவை 87.5 என்று நேர்மையாகவே காட்டியது. 4.9க்கு இறக்கினோம், ராத்திரி முழுக்க ஓடியது. "சித்திரையில இன்னொரு தடவை பாத்துக்கலாம்"னு சொல்லிவிட்டு வந்தேன். சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டினான், 96ஐத் தொட்டு நின்றது, விழவில்லை. ஆனியில் காலேஜுக்காக கோயம்புத்தூர் போனபோது பயாஸில் 4.6க்கு இரண்டாவது ப்ரொஃபைல் ஒன்று சேவ் செய்துகொண்டு போனான். லீவுக்கு மேலே வந்தால் முதல் வேலையாக 4.9ஐ ஏற்றிக்கொள்கிறான்.